ஒலிக்காத எழுத்து

இசைவாணி டீச்சர் அந்தக் கதையை ஐந்தாம் வகுப்புக்கு எடுத்துக்கொண்டு போனது 2010ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். கடலூரில் இரண்டு நாள் ஆங்கிலப் பயிற்சி முடிந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. அங்கே ஒவ்வொரு பள்ளிக்கும் ஐந்து கதைகளும், கதைக்குப் பன்னிரண்டு சொல் அட்டைகளும் கொடுத்திருந்தார்கள். முதலில் அட்டையைக் காட்டிச் சொற்களைப் பழக்க வேண்டும். பிறகு டீச்சர் ஒரு வரி படிக்க, பிள்ளைகள் எழுத்தை விரலால் தொட்டுக்கொண்டே பின்னால் படிக்க வேண்டும். நடுவில் நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று கேட்க வேண்டும். இதுதான் முறை.

முறை அவளுக்குப் பிடித்திருந்தது. ஆங்கிலம்தான் பயமாக இருந்தது. பத்தாவது வரை தமிழ் வழி, ஆசிரியர் பயிற்சியும் தமிழ் வழி, பட்டப்படிப்பு அஞ்சல் வழி. ஆங்கிலத் தாளை எல்லாம் மனப்பாடம் பண்ணியே கரையேறியவள். பதினைந்து வருஷ சர்வீஸில் கணக்கும் தமிழும் அவள் நடத்தினால் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள்கூட எட்டிப் பார்ப்பார்கள். கடலூர்ப் பயிற்சியிலோ, இருபத்தைந்து வயதுப் பயிற்சியாளர் ஒருத்தி அவளை எழுப்பி ஒரு பத்தி படிக்கச் சொன்னபோது, பின் வரிசையில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எந்தச் சொல்லுக்குச் சிரித்தார்கள் என்று கடைசிவரை அவளுக்குத் தெரியவில்லை. சிதம்பரம் வரும்வரை பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

ஆகவே இந்தத் தடவை கதையின் ஒவ்வொரு கடினமான சொல்லுக்கு மேலும் பென்சிலால் தமிழில் எழுதி வைத்துக்கொண்டாள். கதை ஓர் ஆட்டுக்குட்டியைப் பற்றியது. வெள்ளத்தில் ஆற்று நடுவே ஒரு தீவில் மாட்டிக்கொள்கிறது. எதிர்க்கரையில் ஓநாய் நிற்கிறது. குமராட்சியைத் தாண்டி, கொள்ளிடக்கரையை ஒட்டி இருக்கும் வடக்குத்திட்டுப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைக்காது. வருஷம் தவறாமல் ஐப்பசியில் ஊரைச் சுற்றித் தண்ணீர் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள்.

சொல் அட்டையைத் தூக்கிக் காட்டி, "இஸ்லாண்ட்" என்றாள். "இஸ்லாண்டுன்னா திட்டு. நம்ம ஊரு மாதிரி."

பிள்ளைகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இஸ்லாண்ட்" என்று முப்பது குரல்கள் கத்தின.

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு கை எழுந்தது. வெண்மதியின் கை. ஜூன் மாதம்தான் சேர்ந்த பெண். அதற்கு முன்பு சிதம்பரத்தில் ஒரு மெட்ரிக் பள்ளியில் நான்காவது வரை படித்தவள். அப்பா சவூதிக்குப் போய்விட, அம்மா பவானி பிறந்த ஊரான வடக்குத்திட்டுக்கே வந்துவிட்டதால் இங்கே சேர்ந்திருந்தாள்.

"டீச்சர், அது ஐலண்ட் டீச்சர். எஸ் சைலண்ட்டு."

அவள் அதைத் திமிராகச் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொல்லும் ஆர்வம் மட்டும்தான் இருந்தது. ஆனால் பின் பெஞ்சில் இரண்டு பையன்கள் கிளுக்கென்று சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு இசைவாணியைச் சுட்டது. கடலூர்ச் சிரிப்பு மறுபடி கேட்டது போல இருந்தது.

"நீ டீச்சரா, நான் டீச்சரா?" என்றாள்.

வெண்மதி எழுந்து நின்றாள். இசைவாணி அவளை வகுப்பின் முன்னால் வரச் சொன்னாள். மற்ற பிள்ளைகளைப் பார்த்து, இவளுக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை, எல்லாருமாகச் சேர்ந்து சொல்லிக் கொடுங்கள் என்றாள். பத்து தடவை. அவள் அட்டையைத் தூக்கித் தூக்கிக் காட்ட, முப்பது பிள்ளைகளும் அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராக, "இஸ்லாண்ட், இஸ்லாண்ட்" என்று கத்தினார்கள். ஆறாவது தடவையில் வெண்மதி தலையைக் குனிந்துகொண்டாள். பத்தாவது தடவை முடிந்ததும், "நீ சொல்லு" என்றாள் இசைவாணி.

வெண்மதி சொன்னாள்.

"சத்தமா."

சத்தமாகச் சொன்னாள். பிறகு தன் இடத்தில் போய் உட்கார்ந்து விரலைப் புத்தகத்தில் வைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், புடவைகூட மாற்றாமல் இசைவாணி அகராதியை எடுத்தாள். உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் போட்டிருக்கும் அகராதி. பக்கத்தைத் திருப்பும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்ததால்தான் திருப்பினாள். ஐலண்ட் என்றே போட்டிருந்தது. அவளுடைய கணவர் உத்திராபதி காப்பியோடு வந்து என்ன தேடுகிறாய் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று அகராதியை மூடினாள். கதைத்தாளில் பென்சிலால் எழுதியிருந்ததை ரப்பரால் அழித்தாள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

மறுநாள் சொல்லவில்லை. மினி பஸ்ஸில் போகும்போது வார்த்தைகளைக்கூடத் தயார் பண்ணி வைத்திருந்தாள். வகுப்பில் நுழைந்ததும் பிள்ளைகள் அட்டையைத் தாங்களாகவே எடுத்துக் காட்டி, "இஸ்லாண்ட்" என்று பெருமையாகக் கத்தினார்கள். இப்போது சொன்னால் நேற்றுப் பண்ணியதை என்ன சொல்வது? அட்டைகளைக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டு இரண்டாவது கதையை எடுத்தாள்.

தப்பு அதோடு முடிந்திருந்தால் அவளும் மறந்திருப்பாள். ஆனால் வெண்மதி மாறத் தொடங்கினாள்.

முதலில் அது பணிவு போலத்தான் தெரிந்தது. படிக்க எழுப்பினால் ஒவ்வொரு வரிக்கும் முன்னால், "இத எப்படிச் சொல்லணும் டீச்சர்?" என்று கேட்டாள். இசைவாணி சொன்னதை அப்படியே சொன்னாள். ஒருநாள் மூன்றாவது கதையில், "லிசன்" என்று சரளமாகப் படித்துக்கொண்டே போனவள், சட்டென்று நின்று, நிமிர்ந்து டீச்சர் முகத்தைப் பார்த்தாள். அதற்கு முந்தைய நாள் இசைவாணி அதை "லிஸ்டன்" என்று படித்திருந்தாள். வெண்மதி குனிந்து, "லிஸ்டன்" என்று திருத்திக்கொண்டு மேலே படித்தாள்.

இசைவாணிக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தப் பெண் சரியாகத் தெரிந்ததை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். அதுவும் தன் கண்ணெதிரே, தனக்குப் பயந்து.

அன்றிலிருந்து ஆங்கில பீரியட் என்றாலே அவளுக்குப் பயம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் அகராதியோடு உட்கார்ந்து, மறுநாள் நடத்தப்போகும் சொற்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பதினைந்து வருஷமாகத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தவை ஒவ்வொன்றாக வெளியே வந்தன. இனிமேல் சொல்லப்போவதைத் திருத்திக்கொள்ள முடிந்தது. சொல்லிவிட்டதை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

செப்டம்பர் கடைசியில் ஒருநாள் மத்தியானம் பவானி பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். கழனியிலிருந்து நேராக வந்திருந்தாள்; காலில் சேறு காய்ந்திருந்தது. வகுப்பு வாசலிலேயே நின்றுகொண்டு, மகள் வீட்டில் ஆங்கிலப் புத்தகத்தைத் தொடவே மாட்டேன் என்கிறாள் என்றாள். முன்பெல்லாம் கதைப் புத்தகத்தை உரக்கப் படித்துக் காட்டுவாளாம். இப்போது படிக்கச் சொன்னால் வாயை மூடிக்கொண்டு கண்ணால் மட்டும் படிக்கிறாளாம்.

"நான் படிக்காதவ டீச்சர். அவ தப்பா படிக்கிறாளா சரியா படிக்கிறாளான்னு எனக்கு என்னா தெரியும். அந்த ஸ்கூல்ல செல்லம் ஜாஸ்தி குடுத்துட்டாங்க போல. நீங்க ரெண்டு அடி போட்டுகூட சொல்லிக் குடுங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டன்."

சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. பவானியின் பின்னால் வராண்டாவில் வெண்மதி தட்டைக் கழுவிக்கொண்டு நின்றாள். அம்மா பேசுவது காதில் விழுகிறது என்று முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

"நல்லாத்தான் படிக்கிறா. நீங்க போங்க, நான் பாத்துக்கிறன்" என்றாள் இசைவாணி.

பவானி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்தக் கும்பிடு இசைவாணிக்கு அடி வாங்கியது போல இருந்தது.

நவம்பரில் மழை பிடித்து, கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறி, பள்ளிக்கு எட்டு நாள் விடுமுறை விட்டார்கள். திறந்த அன்றே தலைமையாசிரியர் திருநாவுக்கரசு ஒரு சுற்றறிக்கையோடு வந்தார். மாவட்டக் குழு ஒன்று ஒன்றியம் முழுக்க ஆங்கில வாசிப்பைப் பார்வையிட வருகிறது. வெள்ளிக்கிழமை நம் பள்ளி. முதல் கதையைத்தான் எல்லாப் பள்ளியிலும் படிக்கச் சொல்லிப் பார்க்கிறார்களாம். "மெட்ரிக்லேருந்து வந்த புள்ள ஒண்ணு இருக்குல்ல, அதையே மொதல்ல நிறுத்துங்க டீச்சர். மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

இருந்தது இரண்டு நாள். வியாழக்கிழமை இசைவாணி பழைய அட்டையை அலமாரியிலிருந்து எடுத்தாள். பிள்ளைகள் பார்த்ததுமே, "இஸ்லாண்ட்" என்றார்கள்.

"இதை ஐலண்டுன்னும் சொல்லலாம்" என்றாள். "இங்கிலீஷ்ல சிலதை ரெண்டு மாதிரியும் சொல்லுவாங்க. நாளைக்கு வர்றவங்ககிட்ட ஐலண்டுன்னே சொல்லுங்க."

முதல் பெஞ்சு சிலம்பரசன் எழுந்து, "எது டீச்சர் சரி?" என்று கேட்டான்.

"ரெண்டும் சரிதான். உக்காரு."

வெண்மதியைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். அந்தப் பெண் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபமோ வருத்தமோ எதுவும் இல்லை. பெரியவர்கள் பேசுவதைக் காதில் வாங்காமல் இருக்கப் பழகிவிட்ட முகமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஜீப் வந்தது. குழுவில் மூன்று பேர். தலைமை தாங்கி வந்தவர் ராஜமாணிக்கம் என்ற அதிகாரி. உயரமான மனிதர், சத்தமாகப் பேசுகிறவர். பிள்ளைகளை உட்காரச் சொல்லிவிட்டு, ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். திருநாவுக்கரசு சார் வெண்மதியைக் கை காட்டி, சிதம்பரத்தில் மெட்ரிக்கில் படித்துவிட்டு நம் பள்ளியைத் தேடி வந்த மாணவி என்று அறிமுகப்படுத்தினார்.

வெண்மதி முன்னால் வந்து கதைத்தாளைக் கையில் வாங்கினாள். முதல் மூன்று வரிகளை ஒரு தடங்கல் இல்லாமல் படித்தாள். அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டார். நான்காவது வரியில் அந்தச் சொல் இருந்தது. வரியின் நடுவரை வந்தவள் நின்றாள்.

வெளியே சத்துணவுக் கூடத்தில் பாத்திரம் உருட்டும் ஓசை கேட்டது. வெண்மதி தலையைத் தூக்கி இசைவாணியைப் பார்த்தாள். இசைவாணி கண்ணாலேயே, சொல்லு, நீ முதல்ல சொன்னதையே சொல்லு என்று கெஞ்சினாள். ஆனால் அந்தப் பெண்ணுக்கு அந்தக் கண்ணில் தெரிந்தது வேறு. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், இந்தச் சொல்லைச் சொன்னபோது என்ன நடந்தது என்பதுதான்.

"இஸ்லாண்ட்" என்றாள்.

அதிகாரி சிரித்தார். "என்னம்மா, மெட்ரிக்ல படிச்சன்ற, இதுகூடத் தெரியலியா? ஐலண்ட். யார் சொல்லிக் குடுத்தா உனக்கு இப்படி?"

வெண்மதி தாளைத் தாழ்த்தினாள். "யாரும் இல்ல சார். நானாத்தான் தப்பா படிச்சுட்டன்."

பத்து வயதுப் பெண், தன்னை நிற்கவைத்துக் கத்தவிட்ட டீச்சரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். அன்பினால் இல்லை. இவர்கள் போன பிறகு டீச்சரோடு அதே அறையில் இருக்க வேண்டுமே என்கிற பயத்தினால். அதிகாரி பேனாவை எடுத்துப் பெயர் கேட்டு எதையோ எழுதத் தொடங்கினார். திருநாவுக்கரசு சார், வெள்ள விடுமுறையினால் பிள்ளைகளுக்கு விட்டுப்போய்விட்டது என்று சமாளித்தார். எல்லாம் அப்படியே முடிந்துவிட்டிருக்கும். இசைவாணி வாயைத் திறக்காமல் நின்றாலே போதும்.

"அவ தப்பா படிக்கல சார்" என்றாள். "நான்தான் அப்படிச் சொல்லிக் குடுத்தன். அவ சரியாத்தான் சொன்னா. நான்தான் தப்புன்னு சொல்லி, இந்தப் புள்ளங்க எல்லாத்தையும் வச்சு அவளைத் தப்பா சொல்ல வச்சன்."

அதிகாரி பேனாவை அப்படியே பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார். திருநாவுக்கரசு சார் தரையைப் பார்த்தார்.

"தெரியாம சொன்னீங்களா?" என்று கேட்டார் அதிகாரி.

"சொல்லும்போது தெரியாது. அன்னிக்குச் சாயங்காலமே தெரிஞ்சுபோச்சு. மூணு மாசமா திருத்தல."

ராஜமாணிக்கம் வெண்மதியைப் பார்த்து, நீ போய் உட்காரம்மா என்று மெதுவாகச் சொன்னார். இன்னும் நான்கு பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். போகும்போது பார்வையாளர் பதிவேட்டில் இரண்டு வரி எழுதினார்: ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் ஆங்கில உச்சரிப்பில் உடனடியாகப் பயிற்சி பெற வேண்டும்; எடுத்த நடவடிக்கையைத் தெரிவிக்கவும். ஜீப் ஏறியதும் திருநாவுக்கரசு சார் அவளிடம், வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா, இது பள்ளிக்கூடத்துக்கே கெட்ட பேர் ஆகிப்போச்சே என்று பொரிந்தார். பத்து நாளில் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. நடந்ததை நடந்தபடி ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தாள். வருஷா வருஷம் வரும் சம்பள உயர்வு நிற்கும் என்று சக ஆசிரியைகள் பேசிக்கொண்டார்கள். அப்படி ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் சிதம்பரத்தில் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று ஆர்டர் வந்தது. கடலூரில் தன்னை எழுப்பிப் படிக்கச் சொன்ன அதே பெண்தான் அங்கேயும் பயிற்சியாளர். முதல் சனிக்கிழமை இசைவாணி முன் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

அதற்கெல்லாம் முன்பே, குழு வந்துபோன மறு திங்கட்கிழமை, வகுப்பில் நின்று பிள்ளைகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு மாதிரியும் சொல்லலாம் என்றது பொய். வெண்மதி சொன்னதுதான் சரி. அவளை நிற்கவைத்தது நான் செய்த தப்பு. பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். வெண்மதியின் பெஞ்சருகே போய், "என்னை மன்னிச்சுடு பாப்பா" என்றாள்.

வெண்மதி, "சரிங்க டீச்சர்" என்றாள். சொல்லச் சொன்ன பதிலைச் சொல்வது போலவே சொன்னாள்.

மறுநாளும், "இத எப்படிச் சொல்லணும் டீச்சர்?" என்றுதான் கேட்டாள். அதற்கு அடுத்த நாளும். உனக்குத் தெரிந்தபடி சொல்லு என்றால் வாயையே திறக்கவில்லை. இசைவாணி அவளை வற்புறுத்தவில்லை. பவானியைத் தேடிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே ஒருநாள் போய், நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தாள். பவானி, "நானும் அடிக்கச் சொன்னனே டீச்சர்" என்று மட்டும் சொன்னாள்.

அரையாண்டுத் தேர்வு முடிந்து, பொங்கலும் கழிந்தது. ஜனவரி கடைசியில் ஒரு காலை, இசைவாணி வருகைப் பதிவேட்டை மூடும்போது, மேஜைமேல் மடித்த தாள் ஒன்று இருந்தது. பிரித்துப் பார்த்தாள். கோடு போட்ட தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பதினேழு ஆங்கிலச் சொற்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தமிழில் இரண்டு உச்சரிப்பு: ஒன்றின் மேல் 'டீச்சர்', இன்னொன்றின் மேல் 'நான்'. லிஸ்டன், லிசன். கிளைம்ப், கிளைம். ஹால்ஃப், ஹாஃப். பல மாதமாக எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள் என்பது மை மாறி மாறி இருந்ததில் தெரிந்தது. ஒன்றைக்கூட அவள் கழற்றிப் போட்டிருக்கவில்லை. எல்லாவற்றையும் எங்கேயோ பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள்.

இசைவாணி தாளை மடித்து வைத்துக்கொண்டாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அகராதியை வைத்துக்கொண்டு பதினேழையும் பார்த்தாள். பதினைந்தில் வெண்மதி சரி. இரண்டில் சரியில்லை. ஓநாயை இசைவாணி "வுல்ஃப்" என்றது சரி. ஹாஃப் போலத்தான் இதுவும் என்று எண்ணி அந்தப் பெண் "வூஃப்" என்று எழுதியிருந்தாள். இன்னொன்று குளிரைச் சொல்லும் "கோல்ட்", அதிலும் அவள் எல் எழுத்தை விழுங்கியிருந்தாள்.

அந்த இரண்டைச் சொல்லலாமா என்று நினைத்தபோது, அதிகாரி முன்னால் நின்றபோது வந்ததைவிட அதிகமாகப் பயம் வந்தது. இப்போதுதான் ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். உன்னுடையது தப்பு என்றால் மறுபடி மூடிக்கொண்டுவிட்டால்? பதினேழையும் சரி என்று சொல்லிவிட்டால் என்ன? ஆனால் அதுவும் அவளிடம் இன்னொரு பொய் சொல்வதுதான்.

மணி அடிப்பதற்கு முன்னால் வெண்மதியைக் கூப்பிட்டாள். தாளை மேஜைமேல் விரித்தாள்.

"பதினஞ்சு நீ சொல்றதுதான் சரி. நான் மாத்திக்கிறன். இந்த ரெண்டு மட்டும் நான் சொன்னது சரி பாப்பா."

வெண்மதி தாளைப் பார்த்தாள். பிறகு டீச்சர் முகத்தைப் பார்த்தாள். புருவம் லேசாகச் சுருங்கியது.

"ஹாஃப்ல எல் சொல்லக் கூடாதுல்ல டீச்சர்? அப்ப இதுல மட்டும் எப்படிச் சொல்லுவாங்க?"

"ஏன்னு எனக்குத் தெரியல. அப்படித்தான்னு புக்குல இருக்கு."

"எந்த புக்குல?"

அகராதியை அவள் பக்கம் நகர்த்தினாள். வெண்மதி நின்றபடியே குனிந்து, எச்சில் தொட்டுப் பக்கங்களைத் திருப்பினாள். டீச்சரை நம்புவதாக இல்லை. ஓநாயைத் தேடி டபிள்யூ எழுத்துப் பக்கம்வரை போய், விரலை ஒவ்வொரு சொல்லாக இறக்கிக்கொண்டே வந்தாள். மணி அடித்தது. பிள்ளைகள் திபுதிபுவென்று உள்ளே வந்து இடம் பிடித்தார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இருங்க டீச்சர், பாத்துட்டு வரன்" என்றாள்.